நூற்றுக்கு மூன்று

அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளுக்கும் கடைகளுக்கும் தரை போடுகிறவர். டைல்ஸ், பலகை, கல், எதைக் கொடுத்தாலும் பதிப்பார். முப்பது வருஷ வேலையில், அந்தப் பெயருக்குரிய, குமிழி வைத்த மட்டக்கோலை அவர் பையிலிருந்து எடுத்த நாட்களைவிட எடுக்காத நாட்கள்தான் அதிகம். அறைக்குள் ஒரு நடை நடப்பார். "ஜன்னல் பக்கம் ஒரு நூல் இறக்கம்" என்பார். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மேஸ்திரிக்கு நம்பிக்கை வராது. கோலை வைத்துப் பார்த்தால் குமிழி சரியாக அந்த ஒரு நூலுக்குத் தள்ளி நிற்கும். மற்ற விஷயங்களில் அவர் பேச்சு வீட்டில் எடுபடாது. எந்தச் சட்டை போட்டுக்கொள்வது, எந்த பஸ்ஸில் ஏறுவது எல்லாமே மனைவியின் தீர்ப்புதான். தரை என்று வந்துவிட்டால் மட்டும் அவர் சொன்னது சொன்னதுதான், அப்பீல் கிடையாது.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு பாலே ஆடுகிற மகள் வாய்த்தாள். அதற்குக் காரணமும் ஒரு தரைதான். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஒரு நடனப் பள்ளியின் தரையைப் பெயர்த்துப் போடுகிற வேலை வந்தது. பள்ளிக்கூடம் லீவு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை என்று கூடவே கூட்டிப் போனார். அவர் ஒரு அறையில் பலகை அடிக்க, அடுத்த அறையில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று இவள் கால் நீட்டியிருக்கிறாள். மூன்றாம் நாள் டீச்சர் வந்து, "வேலை முடிஞ்சாலும் பொண்ண அனுப்புங்க" என்றார். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இசையைப் பற்றி ரசமட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டத்தைப் பற்றியும் அப்படித்தான். அவர் பார்த்ததெல்லாம் பாதத்தை. குதிகால் எப்போது இறங்குகிறது, கட்டைவிரல் நுனியில் நிற்கும்போது கணுக்கால் எந்தப் பக்கம் சாய்கிறது, இதை மட்டும் டீச்சரைவிடக் கச்சிதமாகச் சொல்வார். மகளுக்கு ஒன்பது வயதானபோது வீட்டுக் கூடத்தைக் காலி செய்தார். மேஜை, நாற்காலி, அலமாரி எல்லாம் சமையலறைக்குப் போயின. அடியில் ரப்பர், மேலே மரச்சட்டம், அதன் மேல் பலகை, அதற்கும் மேல் வழுக்காத விரிப்பு என்று நான்கு அடுக்காக ஒரு பயிற்சித் தரை போட்டார். சுவருக்குச் சுவர் ஒரு நூல் பிசகு கிடையாது. "எல்லார் வீட்லயும் ஹால்ல சோபா இருக்கும். நம்ம வீட்லதான் ஹால்ல தரை இருக்கு" என்பாள் மனைவி. வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்துதான் நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

அந்தத் தரையில் அவள் ஆடாத நாள் இல்லை. வளர்ந்தாள், நன்றாகவும் ஆடினாள். ஆனால் பாலேயில் நன்றாக ஆடுகிறவர்களுக்கா பஞ்சம்? பதினேழு முடிந்து பதினெட்டைத் தொட இரண்டு மாதம் இருந்தபோது சர்வதேசப் போட்டிக்கு வீடியோ அனுப்பினார்கள். அதில் கடைசிச் சுற்றுக்கு வருகிறவர்களைப் பெரிய நடனப் பள்ளிகளின் தலைவர்கள் நேரில் பார்த்துப் பொறுக்கி எடுப்பார்கள். பதினெட்டைத் தாண்டினால் போட்டிக்கு விண்ணப்பிக்கவே முடியாது. டீச்சர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இதுல வந்துட்டா ஆட்டம்தான் உன் வாழ்க்கை. இல்லன்னா நிறுத்திடு மா. இதுக்கு அப்புறம் வேற கதவு இல்ல."

எத்தனையோ தேசத்திலிருந்து வந்த வீடியோக்களில் தொண்ணூறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் இவள் ஒருத்தி. அறுபத்து மூன்றாம் எண். அன்றைக்கு வீட்டில் மூன்று பேரும் சமையலறையில் நின்றபடி அழுதார்கள்.

கூடவே பதினொரு பக்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பெற்றோர் பெயருக்கு வந்ததால் அதை டீச்சரும் பார்க்கவில்லை. "நீங்களே படிச்சு என்னன்னு சொல்லுங்கப்பா" என்று மகள் ஆடப் போய்விட்டாள். ரசமட்டம் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். புகைப்படம் என்ன அளவு, இசையை எப்படி அனுப்புவது, எந்த வாசலில் நுழைவது. ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: மேடை பழைய பாணியில் கட்டப்பட்டது, பார்வையாளர் பக்கமாக நூற்றுக்கு மூன்று சரிவு உண்டு, போட்டியாளர்கள் அதற்கேற்பப் பயிற்சி செய்துகொள்ளவும்.

வேறு எந்த அப்பனாக இருந்தாலும் இந்த வரி புரியாமல் முழித்திருப்பான். டீச்சரிடம் போய்க் கேட்டிருப்பான். இவருக்குத்தான் புரிந்துவிட்டதே, அதுதான் வினை! குளியலறைக்கு நூற்றுக்கு ஒன்றரை சரிவு வைக்கிறோம். இது அதைப்போல இரண்டு மடங்கு. குளியலறைச் சரிவில் தண்ணீர்தான் ஓடும், மனுஷன் எவனாவது உருண்டிருக்கிறானா? இவ்வளவுதான் அவர் யோசித்தது. எட்டாம் பக்கத்துக்குப் போய்விட்டார்.

கூடத்துத் தரைக்கு அடியில் ஒரு பக்கம் கனமாகவும் மறு பக்கம் மெலிசாகவும் கட்டைகளைச் செருகினால் அச்சு அசலாக அந்தச் சரிவு வந்திருக்கும். அரை நாள் வேலை ஐயா, வெறும் அரை நாள்! அதுவும் யாருக்கு? அந்த வேலையையே பிழைப்பாகச் செய்கிறவருக்கு. கையில் ஏழு வாரம் இருந்தது. அந்த ஏழு வாரமும் மகள் ஒரு நூல் பிசகாத தரையில் ஆடிக்கொண்டிருந்தாள்.

போட்டி நடக்கிற ஊருக்கு அப்பாவும் மகளும் மட்டும் ரயிலில் போனார்கள். அன்று காலையில் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக மேடையில் ஏற்றி ஏழு நிமிஷம் பழகிக்கொள்ள விட்டார்கள். மகளின் பையைத் தூக்கிக்கொண்டு ரசமட்டமும் மேடை ஓரத்துக்குப் போனார். கால் வைத்ததுமே உடம்பு சொல்லிவிட்டது. ஏழாம் பக்கத்து வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவள் ஒற்றைக் கால் நுனியில் நின்று சுற்ற ஆரம்பித்தாள். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நான்கு சுற்றுச் சுற்றுகிறவள் இரண்டாவதிலேயே முன்னால் சரிந்து காலை ஊன்றினாள். மறுபடி சுற்றினாள், மறுபடி சரிந்தாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டே அப்பாவிடம் ஓடி வந்தாள்.

"அப்பா, தரை என்னமோ பண்ணுது. முன்னாடி இழுக்குற மாதிரி இருக்கு. சரிவா இருக்கா?"

ரசமட்டத்திடம் ஒரு தொழில் பாடம் உண்டு. வீட்டுக்காரரிடம் தரையில் ஒரு நூல் இறக்கம் இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அவர் ஆயுசுக்கும் அந்த இடத்தில் தடுமாறுவார். சொல்லாவிட்டால் நாற்பது வருஷம் நிம்மதியாக நடப்பார். இன்னும் மூன்று மணி நேரத்தில் ஆட வேண்டிய பிள்ளை. இப்போது சொன்னால் மனசு உடைந்துவிடும் என்று பயந்தார். கடிதத்தில் இருந்ததே, ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயமும் அதோடு இருந்தது. எந்தப் பயம் பெரியது என்று அவர் அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

"சமமாத்தான் இருக்கு" என்றார்.

"நெஜமாவா?"

"தரையைப் பத்தி யார்கிட்ட கேக்குற?"

அவள் சிரித்துவிட்டாள். "அதானே! அப்ப எனக்குத்தான் பதட்டம்."

"ஆமாமா. வேற எதையும் யோசிக்காத. வீட்ல எப்படிப் பண்ணுவியோ அப்படியே பண்ணு."

மணி அடித்தது. அடுத்த பன்னிரண்டு பேர் மேடைக்கு வந்தார்கள்.

பதினோரு மணிக்குப் போட்டி தொடங்கியது. ரசமட்டம் நடு வரிசையில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் அது வெறும் கறுப்புத் தரை, சரிவு இருப்பதே தெரியாது. பார்க்க வந்தவர்கள் கைகளையும் முகங்களையும் உடுப்புகளையும் பார்த்தார்கள். இவர் வழக்கம்போல் பாதங்களைப் பார்த்தார். ஒன்பதாம் எண் பெண் உடம்பை ஒரு நூல் பின்னால் வைத்துக்கொண்டே சுற்றினாள். இவளுக்குத் தெரியும் என்று அவருக்குப் புரிந்தது. இருபத்தேழாம் எண் பையன் கூரையைத் தொடுகிற மாதிரி எகிறினான். இறங்கும்போது ஓர் அடி கூடுதலாக முன்னால் வந்தான், சிரித்துச் சமாளித்தான். இவனுக்கு அரைகுறையாகத் தெரியும். நாற்பதாம் எண்ணுக்குப் பதினைந்து வயதுகூட இருக்காது. மூன்றாவது சுற்றில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். சனம் பரிதாபப்பட்டுக் கைதட்டியது. அவருக்குக் கை வரவில்லை. இதுவும் ஒரு சமமான தரையில் வளர்ந்த பிள்ளைதான் என்று நினைத்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி தானாகவே பேச்சுக் கொடுத்தாள். அவள் மகள் எழுபத்தொன்றாம் எண்.

"நாங்க வீட்ல ஆறு வாரமா பலகைக்கு அடியில கட்டை வச்சு சரிவாக்கிக் கொடுத்தோம். பொண்ணோட அப்பா ஆபீஸ் வேலை பாக்குறவர், சுத்தியல் பிடிக்கத் தெரியாது. விரல நசுக்கிக்கிட்டாரு பாவம். நீங்க என்ன பண்ணீங்க?"

"ம்" என்றார் ரசமட்டம்.

"ஏழாம் பக்கத்துல போட்டிருந்தாங்களே!"

"ம், பார்த்தேன்."

ஐம்பத்து நான்காம் எண் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் எட்டுப் பேர். இப்போது ஓடினால்கூட மகளைப் பிடித்து, சரிவுதான் கண்ணு, உடம்பைப் பின்னால் வை என்று சொல்லிவிடலாம். எழுந்தார். அந்த அம்மாள் வழிவிட முழங்காலை ஒதுக்கினாள். இப்போது போய்ச் சொன்னால் இருக்கிற தைரியமும் போய்விடாதா? காலையில் சொன்ன பொய்க்கு என்ன முகத்தை வைத்துக்கொள்வது? நின்றபடியே யோசித்தார். பின்னாலிருந்து யாரோ உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்துவிட்டார்.

அறுபத்து மூன்று. நீல உடுப்பில் மகள் வந்து நின்றாள். பன்னிரண்டு வருஷம் பாதத்தையே பார்த்தவர் அன்றைக்கு அதைப் பார்க்கப் பயந்து முகத்தைப் பார்த்தார். அவ்வளவு அழகாக அவள் ஆடுவாள் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு நிமிஷம் அரங்கத்தில் இருமல்கூட இல்லை. பிறகு சுற்று வந்தது. ஒன்று, இரண்டு, மூன்றில் தோள் முன்னால் போனது. இரண்டு எட்டு ஓடிச் சமாளித்து விட்ட இடத்தில் சேர்ந்துகொண்டாள். கடைசிச் சுற்று வரிசையில் மறுபடி சரிந்தாள். இந்த முறை கை தரையில் ஊன்றியது. எழுந்து, சிரித்து, வணங்கிப் போனாள். நாற்பதாம் எண்ணுக்குக் கிடைத்த அதே கைதட்டல் இவளுக்கும் கிடைத்தது. பக்கத்துப் பெண்மணி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்று மணிக்கு முன்வாசல் கண்ணாடியில் பட்டியலை ஒட்டினார்கள். அடுத்த சுற்றுக்கு இருபத்து நான்கு எண்கள். எழுபத்தொன்று இருந்தது. அறுபத்து மூன்று இல்லை. அவள் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்துவிட்டு, கட்டடத்தின் பக்கவாட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். அவர் போட்டிக் காகிதங்கள் இருந்த கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இனிமேலும் மறைத்தால் தான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"பாப்பா, அந்த மேடை சரிவுதான். நூத்துக்கு மூணு. காலையிலயே எனக்குத் தெரியும். முன்னாடியே கடுதாசில போட்டிருந்தாங்க. நான்தான் சொல்லல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினாலும் தேவலை, எழுந்து போய்விட்டாலும் தேவலை என்றிருந்தார். அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"வேண்டாம்பா."

"என்ன வேண்டாம்?"

"எனக்காகப் பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்காதீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். அந்தப் பேரு எனக்கு வேண்டாம்."

"சத்தியமா சொல்றேன் கண்ணு, கோணல்தான்."

"காலையில சமம்னு சொன்னீங்களே. தரை விஷயத்துல உங்க வாயில தப்பு வருமா? எனக்கு ஆறுதல் சொல்லணும்னு இப்ப மாத்திப் பேசுறீங்க. எனக்குத் தெரியாதாப்பா உங்கள?"

கோப்புக்குள் பதினொரு பக்கமும் வரிசையாக இருந்தன. திறந்து ஏழாம் பக்கத்தைக் காட்டினால் போதும். அவர் கை கோப்பின் கொக்கி வரைக்கும் போனது. அதற்குள் அவள் அவர் தோளில் சாய்ந்துவிட்டாள். சாய்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"உங்களை மாதிரி அப்பா யாருக்கும் கிடைக்க மாட்டாங்க" என்றாள். அதன் பிறகுதான் அழுகை வந்தது. "எனக்கு அவ்வளவுதான்பா வருது. பன்னெண்டு வருஷமா எல்லாரையும் ஏமாத்திட்டேன். எனக்குத் திறமையே இல்லப்பா."

கொக்கியிலிருந்து கையை எடுத்து மகளின் தலையைத் தடவினார் ரசமட்டம். "பரவாயில்ல, விடுமா" என்றார்.