வரிசையிலிருந்து தள்ளப்பட்ட பச்சைக் குடம்

விளிம்பில் விரிசல் விழுந்த பச்சை பிளாஸ்டிக் குடம் அது. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் இருக்கும் தையல் அக்கா, அதைத் தன் மிஷின் பக்கத்தில் வைத்துத் துண்டுத் துணிகளைப் போட்டுக்கொள்கிறார். பிள்ளைகளே, அந்த விரிசலுக்குக் காரணம் நான்தான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

கொரோனா நேரம். அப்போது சந்துக்கே ஒரு குழாய், இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர். விடிந்ததும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடலாம். ஆள் இல்லாவிட்டாலும் குடம் இருந்தால் இடம் இருக்கும். எவ்வளவு சண்டை வந்தாலும் அடுத்தவர் குடத்தை மட்டும் யாரும் நகர்த்தியதில்லை.

ஒரு மாலை தையல் அக்கா வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அவர் கணவரைத் தூக்கி ஏற்றினார்கள். ஊரடங்கில் ஆட்டோ ஓட்ட முடியாமல் வீட்டில் கிடந்த நான் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை எடுத்துச் சந்து வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பினேன்: "தையல்காரங்க வீட்ல வந்துடுச்சுப்பா. எல்லாரும் உஷாரா இருங்க." நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் குழாயடிக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பெண் துடைப்பக் கட்டையால் அக்காவின் பச்சைக் குடத்தை வரிசையிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார். "கையால தொடாதக்கா, குடத்துக்கும் ஒரு மாஸ்க் போட்டு விடு!" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். குடம் உருண்டு சாக்கடைக் கல்லில் மோதியது. யாரோ போனை அழுத்த, என் குரல் எனக்கே கேட்டது. தன் வாசலில் நின்று அக்காவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கணவருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கமாம். அன்று மதியமே திரும்பி வந்துவிட்டார். "தப்பா சொல்லிட்டேன்" என்று குரூப்பில் போட்டேன். "ஆம்புலன்ஸ் சும்மாவா வரும்?" என்று கேட்டார்களே தவிர, ஒருவரும் நம்பவில்லை. பத்து நாள் அக்கா அடுத்த சந்திலிருந்து தண்ணீர் சுமந்தார். அவருக்காக ஒரு குடம் பிடித்து வைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த மாதம் எனக்கே காய்ச்சல். சுகாதார மையத்தில் "பாசிட்டிவ்" என்று சொன்னபோது, கணவருக்கு மாத்திரை வாங்க வந்த அக்கா பின்னால் நின்றிருந்தார். நோயைவிட எனக்குக் குழாயடியை நினைத்துத்தான் பயம். வீட்டில் மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். குரூப்பையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் நாளன்று எங்கள் வாசலில் இரண்டு குடம் நிரம்பி இருந்தது.

குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிய அக்காவிடம் ஜன்னல் வழியாகக் கேட்டேன்: "ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"ஆஸ்பத்திரிக்குத் தெரியும், உனக்குத் தெரியும். குழாயடிக்கு எதுக்குத் தம்பி? நீ வெளிய வராம இரு, அது போதும்." கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பினார். "தண்ணி இல்லாத வீடு எப்படி இருக்கும்னு நான் பாத்துட்டேன். உம் புள்ளைங்க பாக்க வேணாம்."

இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. போன வாரம் பேண்ட் கொடுக்க அக்காவிடம் போயிருந்தேன். எங்கள் இரண்டு பேர் போனும் ஒன்றாக ஒலித்தன. ஏதோ ஒரு வீட்டில் டெங்குவாம், சந்து குரூப்பில் ஒரு குரல். அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெட்டிய துணியைப் பச்சைக் குடத்துக்குள் போட்டார். நான் அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பவில்லை. குடத்தின் விரிசல் என் பக்கம் திரும்பியிருந்தது.