கொண்டக்டர் பொம்மையின் நெற்றி

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு நெற்றி இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு இருக்கிறது, கிணற்றடித் தண்ணீர் மோட்டருக்கு இருக்கிறது, அம்மாவின் புதுக் குக்கருக்கும் இருக்கிறது. எல்லாம் அப்பாவின் வேலை. காலையில் குளித்து, சாமியறையில் தேவாரம் பாடி முடித்து, திருநீற்றுத் தட்டில் மூன்று விரலை வைத்தாரென்றால், தன் நெற்றிக்குப் பூசியது போக மிச்சம் விரலில் நிற்கும். அதை உதறமாட்டார். நிலத்தில் சிந்தக்கூடாதாம். ஆகவே சாமியறை வாசலிலிருந்து முற்றம் வரைக்கும் எது முதலில் எதிர்ப்படுகிறதோ அதற்கு மூன்று கோடு. ஒருமுறை மோட்டர் திருத்த வந்த மனிதர் குனிந்து வேலை செய்துவிட்டு நிமிர்ந்தார், பூசிவிட்டார். அவர் வேதக்காரர், கழுத்தில் சிலுவை தொங்கியது. நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அப்பாவின் பெயர் தம்பிராசா. காங்கேசன்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடும் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு கைகாலுக்குத்தான், வாய்க்கு இல்லை. குசினி வாசலில் நானும் அம்மாவும் சேர்ந்து நின்றுவிட்டால் போதும், "வாசல்லை நிண்டு மறிக்காதேங்கோ, உள்ளுக்கு ஏறுங்கோ!" என்று சத்தம் வரும். கலியாணவீட்டுப் பந்தியில் சனத்தைப் பின்னாலே தள்ளி இருத்துவதும் அவர்தான். தோளில் பை இல்லாமல் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இடது கை இன்னும் அந்தப் பையை அணைத்தபடியேதான் மடிந்திருக்கும். இப்படி ஒரு மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு வேறு யாரைப் படம் எடுப்பது?

நான் மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்ன நிறுவனத்தில் அனிமேஷன் படிக்கிறேன். பொம்மையைக் கொஞ்சம் அசைத்து ஒரு படம், இன்னும் கொஞ்சம் அசைத்து இன்னொரு படம். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை தானாக நடக்கும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து பாருங்கள், முதுகு முறியும். எங்கள் ஆசிரியர் பிரகலாதன் சேர் அதற்கு மேலே ஒரு சட்டமும் போட்டார். இறுதிப் படத்தைத் தொடங்குமுன் ஒரு சின்னப் பரிசோதனைத் துண்டு எடுத்து முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும்.

"சின்னப் பிள்ளையள் முகத்துக்காகப் பாராட்டாயினம், தனுஷா. முடியிறதுக்கு முன்னம் எழும்பி ஓடிச்சினம் எண்டால் உம்மடை படம் சரிவராது. நீர் ஜெனிஸ்ரன்ரை குழுவிலை சேர்ந்து வேலை செய்யும்" என்றார்.

என்னோடு படிக்கிற ஜெனிஸ்ரனின் படத்தில் விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும். அவ்வளவுதான் கதை. அவன் என் பக்கம் திரும்பி, "எங்களுக்கும் நட்சத்திரம் போட ஒராள் தேவைதான். உமக்குப் புள்ளி குத்தத் தெரியும்தானே?" என்றான். அவன் தலையில் மைப்போத்தலைக் கவிழ்த்திருப்பேன், சேர் நின்றபடியால் விட்டேன். செத்தாலும் உவனுக்குப் புள்ளி குத்துவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்துக்கொண்டேன்.

பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கதையைக் கீறினேன். மருதனார்மடம் சந்தைக்குப் போகும் மரக்கறிகள் ஒரு மினிபஸ்ஸில் ஏறுகின்றன. முருங்கைக்காய் கூரையில் இடிபடாமல் வளைந்து நிற்கிறது. வெங்காயம் ஏறியதும் பக்கத்துச் சீற்றில் இருந்தவர்களெல்லாம் அழுகிறார்கள். பூசணிக்காய் முன்சீற் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒரு டிக்கெட் மட்டும் எடுக்கிறது. இவர்களோடு மல்லுக்கட்டுகிற கொண்டக்டர் மட்டும் பொம்மை. கம்பியில் எலும்பு, களிமண்ணில் உடம்பு, தேங்காய்த் தும்பில் மீசை. தோளில் ஒரு பை மாட்டி, இடது கையை மடித்து அதை அணைக்க வைத்தேன்.

அகப்பையும் கையுமாக எட்டிப் பார்த்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "அடி ஆத்தை! உது உன்ரை அப்பா எல்லோ!"

"கத்தாதேங்கோ அம்மா. அவருக்குத் தெரிஞ்சால் துலைஞ்சுது."

"தெரியாமல் கிடக்குமே? உந்த மீசை ஒண்டு போதாதே!"

பயத்துக்குக் காரணம் இருந்தது. கோயில் திருவிழாவில் ஒருவர் அப்பாவின் நடையைச் செய்துகாட்டிச் சனத்தைச் சிரிக்கவைத்தார். அப்பா அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவேயில்லை. அந்த மனிதரின் மகளுடைய கலியாணத்துக்கும் போகவில்லை, அம்மாவைத்தான் அனுப்பினார். நான் படத்தையும் தேற்றவேண்டும், அப்பா என்னோடு கதைப்பதையும் நிறுத்தவிடக்கூடாது.

அன்று பின்னேரமே அப்பா பொம்மையைக் கண்டுவிட்டார். "உவர் ஆர்?"

"லொறி றைவர், அப்பா."

"லொறி றைவருக்கு என்னத்துக்குத் தோள்ப்பை?"

"சாப்பாடு கொண்டுபோறார்."

"ம்" என்றார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தப்பினேன் என்று நினைத்தேன்.

காலை வெளிச்சம் நன்றாக விழுகிற இடம் சாமியறை வாசலுக்குப் பக்கத்து யன்னல்தான். அங்கே கிடந்த தையல் மெசினின் மேல் அட்டையில் செய்த மினிபஸ்ஸை நிறுத்தி, எதிரே போனைக் கட்டினேன். ஒவ்வொரு தரமும் விரலால் தொட்டால் போன் ஆடும். அதனால் சில விநாடிக்கு ஒருமுறை தானாகவே படமெடுக்கும்படி அதைச் சரிசெய்து வைத்தேன். நான் அசைப்பேன், கையை எடுப்பேன், அது எடுக்கும்.

தொல்லை பயணிகளால் வந்தது. பயிற்றங்காய் மறுநாளே வாடிச் சீற்றில் சரிந்தது. அதைவிடப் பெரிய தொல்லை அம்மா. ஒருநாள் வந்து பார்க்கிறேன், கத்தரிக்காயைக் காணவில்லை.

"அம்மா! அந்தக் கத்தரிக்காய் முக்கியமான ஆள்!"

"முக்கியமான ஆள் நல்ல பிஞ்சாயும் இருந்தார். குழம்புக்கை போட்டிட்டன்."

பிறகு அந்த வெள்ளைத் தூசி. கொண்டக்டரின் நெற்றியில் வெள்ளையாக ஏதோ படிந்து கிடக்கும். யன்னல் சுவர்ச் சுண்ணாம்பு உதிர்கிறதென்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். அடுத்தநாள் பார்த்தால் திரும்பவும் கிடக்கும். சிலவேளை கண்ணில் பட்டது, சிலவேளை படவில்லை. போன் திரை அவ்வளவு சின்னது. இந்தச் சுவருக்கு வெள்ளையடித்த அறுவான் ஆரடா என்று வாய்விட்டுத் திட்டினேன். வெள்ளையடித்தது அப்பாதான். சாய்மனைக் கதிரையில் இருந்தவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப வாசித்தார்.

பரிசோதனை நாளும் வந்தது. விடிய எழும்பிக் கடைசிப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். "பிள்ளை, தண்ணித் தாங்கி வழியுது, ஓடிப்போய் மோட்டரை நிப்பாட்டு!" என்று அம்மா கத்தினார். ஓடினேன். ஓடினவள் அப்படியே குளித்து, உடுத்து, தலை வாரி இழுத்து வந்துதான் போனை அவிழ்த்தேன். நேரமில்லை. எல்லாப் படத்தையும் ஒன்றாகச் சேர் என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளில் அப்பாவின் பின்னால் ஏறினேன்.

முன்பள்ளியில் இறக்கிவிட்டதும், "நீங்கள் வீட்டை போங்கோ அப்பா" என்றேன்.

"வெய்யில் ஏறுது. நிண்டு கூட்டிக்கொண்டே போறன்" என்று வாசல்நிலையில் சாய்ந்துகொண்டார். இதென்ன கோதாரி! பத்மாவதி ரீச்சர் பிள்ளைகளைப் பாயில் இருத்தினார். பிரகலாதன் சேர் பின்னால் கைகட்டி நின்றார். ஜெனிஸ்ரனும் வந்திருந்தான். அவனை யார் அழைத்தது?

சுவரில் படம் ஓடத் தொடங்கியது. முருங்கைக்காய் வளைந்தது, ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது. வெங்காயம் ஏறியது, ஒருவன் எழும்பித் தண்ணீர்ப் போத்தலைத் தேடிப் போனான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழும்பினார்கள். "எண்டாலும் நட்சத்திரம் சுகமான வேலைதான்" என்று ஜெனிஸ்ரன் என் காதடியில் சொன்னான்.

அப்போது முன்வரிசைச் சின்னப்பெட்டை ஒருத்தி கத்தினாள். "ரீச்சர், மாமா திருநீறு பூசிட்டார்!"

சுவரைப் பார்த்தேன். பெரிதாகத் தெரியும்போதுதான் தெரிந்தது. கொண்டக்டரின் நெற்றியில் மூன்று கோடு பளிச்சென்று கிடந்தது. அடுத்த கணம் காணவில்லை.

"ஐயோ, அழிஞ்சு போச்சு!"

"திரும்பப் பூசிட்டார்!"

"திரும்பவும் காணேல்லை!"

எழும்பிய பிள்ளைகள் ஓடிவந்து இருந்துவிட்டார்கள். கோடு வரும்போதெல்லாம் கூவினார்கள், போகும்போதெல்லாம் கூவினார்கள். சுண்ணாம்பாம் சுண்ணாம்பு! என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

படம் முடியவேண்டிய இடம் வந்தது. முடியவில்லை. மோட்டரை நிறுத்த ஓடியவள் போனை நிறுத்தவில்லையே! சுவர் முழுக்க ஒரு பெரிய கை வந்தது. மூன்று விரலால் கொண்டக்டருக்குப் பூசியது. பிறகு கைக்குப் பின்னால் முகம் வந்தது. அப்பா! விட்டுவிட்டு எடுத்த படமாதலால் அவரும் பொம்மையைப் போலவே துள்ளித் துள்ளி அசைந்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். ஒருவரும் இல்லையென்று கண்டதும் பொம்மையின் மீசையை முறுக்கிவிட்டார், பிறகு தன்னுடையதையும் முறுக்கினார். முன்சீற்றிலிருந்த பூசணிக்காயைத் தூக்கிப் பின்னால் போட்டார். கொண்டக்டரை மிதிபலகையில் நிறுத்தினார். நின்ற நிலை பிடிக்கவில்லைப் போலும். ஓரடி தள்ளி நின்று இடது கையை மடித்து, அது எப்படி என்று பொம்மைக்கு நின்று காட்டினார்.

பிள்ளைகள் பாயில் உருண்டார்கள். ரீச்சர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அதற்குள் அந்தச் சின்னப்பெட்டை திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"அந்தா கொண்டக்டர் மாமா!"

எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. அப்பா நின்றார். அதே மூன்று கோடு, அதே மீசை, இல்லாத பையை அணைத்த அதே கை. அவர் சிரிக்கவில்லை. படம் தேறிவிட்டது, அது பின்னால் நின்ற சேரின் சிரிப்பிலேயே தெரிந்தது. ஆனால் அப்பா இனி என்னோடு கதைக்காவிட்டால் எனக்கு எதற்கு இந்தப் படமும் படிப்பும்?

ஓடிப் போனேன். "அப்பா… அது வந்து… அந்த லொறி றைவர்…"

"சும்மா இரடி விசரி! என்ரை மீசை எனக்குத் தெரியாதே? முதல் நாளே தெரியும்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்ல? என்னை வெறும் நெத்தியோடை பஸ்ஸிலை ஏத்தி விட்டிருக்கிறாய். நான் எண்டைக்கெண்டாலும் வெறும் நெத்தியோடை வேலைக்குப் போனனானே? நானும் ஒவ்வொரு நாளும் பூசி விடுறன், நீயும் ஒவ்வொரு நாளும் ஈரத்துணியாலை துடைச்சு விடுறாய். போதாக்குறைக்கு அறுவான் எண்டு பேச்சு வேறை!"

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"உதெல்லாம் போகட்டும், பிள்ளை. காலம் முழுக்கக் கொண்டக்டராய் நிண்ட மனிசனைப் போய், ஆர் எண்டு கேட்க, லொறி றைவர் எண்டு சொல்லிப்போட்டியே. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்."

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. நான் அவர் கோபத்துக்குப் பயந்து சொன்ன பொய்யை, அவர் இத்தனை நாளும் நான் வெட்கப்பட்டுச் சொன்ன பொய் என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளின் பக்கம் திரும்பினேன். "ஓம், உவர்தான் கொண்டக்டர். என்ரை அப்பா" என்று சத்தமாகச் சொன்னேன். பாய் முழுக்கக் கை தட்டியது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "வாசல்லை நிக்காதேங்கோ, எல்லாரும் உள்ளுக்குப் போய் இருங்கோ!" என்று அதட்டினார்.

அந்தக் கையை எடுக்கவேண்டாம், இறுதிப் படத்திலும் அது வரட்டும் என்று பிரகலாதன் சேர் சொன்னார். ஜெனிஸ்ரன் என்னிடம் வந்து, விண்கலத்தில் ஏற ஒரு முருங்கைக்காய் கிடைக்குமா என்று கேட்டான். குழம்புக்குப் போனது போக மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்றேன்.

அப்பாவின் பின்னால் ஏறித் திரும்பி வந்தேன். வீட்டுப் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"பூசணிக்காயைச் சும்மா விட்டிடாதை. ரண்டு சீற்றுக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லு. நான் ஒருத்தரையும் அப்பிடி விட்டதில்லை."