பின்பக்கமாக அடிக்கும் டார்ச்

டார்ச்சைத் தமக்கு முன்னால் அடிக்கவே மாட்டார். வலது கையைப் பின்னால் வளைத்து, தொடர்ந்து வருபவரின் காலடியில்தான் வெளிச்சத்தைப் போடுவார். "பாத்து வாங்க சார், படி இருக்கு." தியேட்டரில் படம் தொடங்கிய பிறகு ஓடிவருகிறவர்களை இருட்டில் இருக்கைக்குக் கூட்டிப்போவது அவர் வேலை. எவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர் என்று வந்தவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! முன்னால் அடித்தாலும் அவருக்கு உள்ளங்கை அகலத்துக்கு மேல் தெரியாது. அரங்கம் மொத்தமும் அவருக்கு மனப்பாடம். எந்த வரிசையில் கைப்பிடி ஆடும், எந்தப் படியில் கம்பளம் கிழிந்திருக்கும் என்பதெல்லாம் காலுக்கே தெரியும்.

தியேட்டரில் அவர் பெயர் டார்ச் அண்ணன். அவருக்கு இருப்பது பரம்பரைக் கண் வியாதி. விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது. பகலில் குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரியும். பொழுது சாய்ந்தால் அதுவும் போச்சு. "எங்கப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போன ஒரே சொத்து. வித்துத் தொலைக்கலாம்னா வாங்கத்தான் ஆளில்லை" என்பார். இதை வீட்டுக்குள் மட்டும்தான் சொல்வார்.

வெளியே அவர் வெறும் மறதிக்காரர். அந்தப் பட்டத்தைத் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டார். ஒருநாள் முன்கூடத்தில் புதிதாக வைத்திருந்த கதாநாயகனின் அட்டை உருவத்தில் மோதி, "சாரி சார்" என்று சொல்லி, அது அசையாததால், "கொஞ்சம் வழி விடுங்களேன்" என்று கெஞ்சியும் விட்டார். அதை டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் அவரே நடித்துக் காட்டினார். "நான் ஒரு மறதி கேஸும்மா. என்னை மாதிரி கூமுட்டையை எங்கயாவது பாத்திருக்கியா?" அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிக்கிறவர்கள் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். தெரிந்தால் வேலை போய்விடும். அதைவிட, 'ஐயோ பாவம்' என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

வீட்டில் எதை நகர்த்தினாலும் அறிவிக்க வேண்டும். "ஸ்டூலு ஜன்னல் பக்கம் போகுதுங்க!" என்று மனைவி குரல் கொடுப்பாள். "வாளி வாசல்லப்பா!" என்பாள் மகள். இத்தனை பாடும் எதற்கு? கையை முன்னால் நீட்டித் துழாவ அவருக்குப் பிடிக்காது. அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் அப்படித்தான் காற்றைத் தடவிக்கொண்டு நடந்தார். "முட்டியை இடிச்சாலும் இடிச்சுக்குவேன், கையை நீட்ட மாட்டேன்" என்று இடது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டபடிதான் நடப்பார்.

மரபணுவைத் திருத்தும் சோதனைச் சிகிச்சைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மரபணுவில் ஓரிடத்தில் பிழை. அந்த இடத்தைத் தேடிப்போய் வெட்டுகிற மருந்தை ஊசியால் விழித்திரைக்கு அடியில் செலுத்துவார்கள். மோசமான கண்ணுக்கு மட்டும். செத்தது திரும்பி வராது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், அதுவும் நிச்சயமில்லை.

"புரியுது டாக்டர். அந்தக் காலத்துல எங்க ஆபரேட்டர் கெட்டுப்போன ஃபிலிமை வெட்டி ஒட்டுவாரு. நீங்க படம் ஓடிட்டிருக்கும்போதே வெட்டப்போறீங்க."

டாக்டர் சிரித்தார். "பெரியவங்களுக்குச் சரியா வந்தாத்தான் குழந்தைங்களுக்குப் போவோம்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவர் ஒப்புக்கொண்டார். ஆறாவது படிக்கும் மகளுக்கும் அந்தச் சொத்து வந்து சேர்ந்திருக்கிறது.

சேர்வதற்கு முன்னால் ஒரு நடைத்தேர்வு. அறையில் நாற்காலி, பெட்டி எல்லாம் தாறுமாறாக வைத்து, விளக்கை மங்கலாக்கி, தரையிலுள்ள அம்புக்குறியைப் பார்த்து நடக்கச் சொல்வார்கள். ஒன்றிலும் இடிக்காமல் நடந்தால் பார்வை நன்றாக இருக்கிறதென்று அர்த்தம். அப்படி நடப்பவர்களுக்குச் சிகிச்சை கிடையாது. இடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான் பாக்கி. இதைவிடச் சுலபமான பரீட்சை உண்டா?

ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே நம் அண்ணனின் காது வேலையை ஆரம்பித்துவிட்டது. எது கர்ரென்று இழுபட்டது, எது தொப்பென்று விழுந்தது, உதவியாளரின் செருப்பு எங்கே வளைந்து போனது என்று எல்லாம் மனதில் பதிந்தாயிற்று. விளக்கு மங்கியதும் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, அரங்கத்தில் நடப்பதுபோல நடந்து, ஒன்றிலும் படாமல் அந்தப் பக்கம் போய் நின்றார். போதாததற்குத் திரும்பி, "பாத்து வாங்க சார்" என்று உதவியாளரிடம் வேறு சொன்னார்.

"பாஸ் பண்ணிட்டேன்!" என்றார் வெளியே வந்து.

"ஐயோ, நீங்க ஃபெயிலாகத்தானே வந்தீங்க!" என்று மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஊரை ஏமாத்தின பழக்கம்டி. டாக்டரையும் ஏமாத்திட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்." அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், கூட வந்திருந்த மகள் அவரைத் தேற்றினாள். "விடுப்பா. எனக்கும் ஸ்கூல் நாடகத்துல லைட்டை அணைச்சா ஒண்ணும் தெரியாது. மத்தவங்க கால் சத்தத்தைக் கேட்டே நடந்துக்குவேன். யார் மேலயாவது மோதினா, நான் ஒரு மறதி கேஸுன்னு சொல்லிச் சிரிச்சிடுவேன். டீச்சருக்கே தெரியாதுப்பா!"

பெருமையாகத்தான் சொன்னாள். மகளுக்குக் கண்ணை மட்டும்தான் கொடுத்தோம் என்று அவர் நினைத்திருந்தார். இந்தத் திருட்டுத்தனத்தையும் சேர்த்தல்லவா கொடுத்திருக்கிறார்! அதற்கப்புறம் வீடு வந்து சேரும்வரை தம்மைப் பற்றி அவர் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

மறுநாள் அவரே டாக்டருக்குப் போன் செய்தார். "டாக்டர், நான் காப்பியடிச்சுப் பாஸ் பண்ணினேன்." ஸ்கேனில் பாதிக்கு மேல் செத்துக் கிடக்கும் விழித்திரையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் எப்படி நடந்தார் என்று அங்கேயும் குழம்பித்தான் போயிருந்தார்கள். இன்னொரு முறை வரச் சொன்னார்கள்.

இந்த முறை காதில் பஞ்சை அவரே கேட்டு வாங்கி அடைத்துக்கொண்டார். மகளை உள்ளே விட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அம்மாவோடு நின்றாள். விளக்கு மங்கியது. இரண்டாவது அடியிலேயே பெட்டி முழங்காலைப் பதம் பார்த்தது. எல்லோரும் அவர் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்தார். மகள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, காற்றைத் தடவிக்கொண்டு நடந்தார்.