சத்தம் கூடாத ஊர்

போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை. பகல் ஒன்றரை மணி. எங்கள் புதிய ஊரின் நடுத்தெருவில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன்.

யாரும் தூக்கச் சொல்லவில்லை. எதிரே ஒருவர் சைக்கிளில் வந்தார். முதுகில் துப்பாக்கி... அவ்வளவுதான். மிச்சத்தை என் கைகளே பார்த்துக்கொண்டன.

வந்தவர் வேறு யாருமில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஹெர் மையர், அதாவது திரு. மையர். முந்தின நாள்தான் சிரித்தபடி வீட்டுத் திறப்புக் கொத்தை என்னிடம் தந்தவர். எனக்கு ஆளைத் தெரிந்தது. என் கைகளுக்குத்தான் தெரியவில்லை.

அவர் என்ன செய்தார்? தானும் ஒரு கையைத் தூக்கி, “க்ரூயெட்ஸி!” என்று வணக்கம் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார். தமிழர் இப்படித்தான் கும்பிடுவார்கள் என்று நினைத்திருப்பார்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்ததே அமைதியைத் தேடித்தான். அதுவரை எம்மன்புரூக்கேயில், தொழிற்சாலைக்குப் பக்கத்தில், ஏழு ஆண்கள் இருந்த ஒரு அறையில் நான் எட்டாவது ஆள். மனைவி வனிதாவும் மூன்று வயது மகளும் வந்து சேர்ந்ததும் வீடு தேடினேன். ஃபோன் எடுக்கும்போது காலியாக இருந்த வீடுகள், நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நிரம்பிவிட்டன. என் பெயர் அவ்வளவு நீளம்கூட இல்லை.

கடைசியில் ஹெர் மையரின் மனைவி ஃபிராவ் மையர்தான் தன் வீட்டு மேல்மாடியைத் தந்தார். ஒரே ஒரு நிபந்தனை. சத்தம் கூடாது.

அந்த ஒரே நிபந்தனை மூன்று பக்கத்தில் டைப் செய்யப்பட்டிருந்தது. மத்தியானத்தில் ஆணி அடிக்கக் கூடாது. இரவு பத்துக்குப் பிறகு குளிக்கக் கூடாது. பத்துக்குப் பிறகு ஆண்கள் நின்றபடி ஒன்றுக்குப் போகக் கூடாது. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, வனிதா கேட்டாள்: “அப்ப மூச்சு விடலாமோ?”

சரி, தெருவுக்கு வருவோம். கைகளை இறக்கி, யாரும் பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, பால் வாங்கப் போனேன். பாலோடு திரும்பும்போது காட்டுப் பக்கத்திலிருந்து கேட்டது.

டுமீல்.

ஒன்றல்ல... இரண்டு, மூன்று, பிறகு சரம்சரமாக.

நான் புல்லில் குப்புற விழுந்தேன். சாணி மணம். தலையை மெல்லத் தூக்கிப் பார்த்தால், இரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு மாடு. அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு வெடிக்குக்கூடக் காதை ஆட்டவில்லை. அந்த மாட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கே சந்தேகம் வந்தது. ஓர் ஊரின் நிலைமையை மாட்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கதியைப் பாருங்கள்!

ஆனால் வனிதா மாட்டைப் பார்க்கவில்லையே?

ஓடினேன். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. மகளின் சப்பாத்து ஒன்று மட்டும் படியில். கூப்பிட்டேன். பதில் இல்லை.

தோட்டத்தில் ஃபிராவ் மையர் ரோசாச் செடி வெட்டிக்கொண்டிருந்தார், அந்த மாட்டைப் போலவே. பதற்றத்தில், தெரிந்த கொஞ்ச ஜெர்மனும் பறந்துவிட்டது. “மனைவி இல்லை! பிள்ளை இல்லை!” என்று கத்தினேன். சத்தம் கூடாது என்று அவர் சொல்லவில்லை. காட்டுப் பக்கம் கையைக் காட்டி, “சுடும் சங்கம், பயிற்சி” என்றார்; ஒரு கணம் யோசித்து, என்னை நிலவறைக்குக் கூட்டிப் போனார்.

இந்த நாட்டு வீடுகளுக்கு அடியில் ஒரு கொங்கிரீட் அறை இருக்கும். அணுகுண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள. குண்டு இன்னும் விழாததால் உருளைக்கிழங்கும் ஜாம் போத்தல்களும் ஒளிந்திருக்கும். அதன் கனத்த கதவு உள்ளே பூட்டியிருந்தது.

“வனிதா, நான்தான். கதவைத் திறவும்.”

“அவையள் போயிட்டினமோ?”

“ஒருத்தரும் வரேல்லை. ஊர்ச் சனம் சுட்டுப் பழகுதாம்.”

உள்ளிருந்து மெதுவாகக் கேட்டாள்:

“ஆரைச் சுட?”

ஃபிராவ் மையர் என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கிறார் என்பது விளங்கியது.

வனிதாவின் தம்பியைச் சொந்த நாட்டில், எங்கள் ஊர் வீதியில் வைத்துச் சுட்டபோது, அவள் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பட்டாசு என்று நினைத்தாளாம். அதற்குப் பிறகு அவள் எந்தச் சத்தத்தையும் பட்டாசு என்று நினைத்ததில்லை. இதையெல்லாம் சொல்ல என்னிடம் ஜெர்மன் எங்கே? “தம்பி... டும்... செத்தது” என்றேன்.

ஃபிராவ் மையர் அப்படியே கிழங்கு மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. வனிதா வெளியே வந்தாள். மகள்? முகமெல்லாம் சிவப்பு. எனக்கு உயிர் போய் வந்தது... ஸ்ட்ரோபெரி ஜாம். அரைப் போத்தல் முடித்திருந்தாள்.

ஃபிராவ் மையர் ஜாம் போத்தலைப் பிள்ளையிடமே விட்டுவிட்டார். தோட்டத்துச் சப்பாத்தோடேயே சைக்கிளில் ஏறிக் காட்டுப் பக்கம் போனார். கால் மணித்தியாலத்தில் வெடி நின்றது. ஹெர் மையர் திரும்பி வந்து படியடியில் நின்றார். மாங்காய் திருடிப் பிடிபட்ட பையனைப் போலத் துப்பாக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நீளமானதை எப்படி மறைப்பது?

அன்று பின்னேரமே வனிதா சூட்கேசை எடுத்துவிட்டாள். “நாளைக்கே போவம்.”

எங்கே போக? அந்த எட்டுப் பேர் அறைக்கா? சூட்கேஸ் இரண்டு நாள் வாசலிலேயே நின்றது.

திங்கட்கிழமை காலை கதவுக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. ஃபிராவ் மையரின் கையெழுத்து. வருஷம் முழுவதும் எந்த எந்த நாளில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை சுடுவார்கள் என்று எழுதியிருந்தார். வெடிக்கு முன்கூட்டியே நேரம் குறித்துக் கொடுக்கும் நாட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வனிதா அதைக் குசினிச் சுவரில் ஒட்டினாள். சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் போனது.

அடுத்த சுடும் நாளில் பஸ் ஏறி எம்மன்புரூக்கேக்கு ஓடினோம். அதற்கடுத்த முறையும் ஓடினோம். மூன்றாம் முறை நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றேன், வனிதா அசையவில்லை.

“பிள்ளை நித்திரை. நான் வரேல்லை.”

குழாயைத் திறந்து பாத்திரம் கழுவத் தொடங்கினாள். முதல் வெடிக்குக் கையிலிருந்த கோப்பை தொட்டிக்குள் விழுந்து உடைந்தது. உடைந்ததைப் பொறுக்கி எடுத்துவிட்டு அடுத்ததைக் கழுவினாள். நான் பக்கத்தில் நின்று துடைத்தேன். வெடி ஓயும்வரை, சுத்தமாக இருந்த பாத்திரங்களையும் கழுவினோம்.

இந்த ஞாயிறு காலை நல்ல வெயில். வனிதா உடுப்புத் தோய்த்துத் தோட்டத்துக் கொடியில் போட்டாள். இரண்டாவது பாவாடைக்கே ஃபிராவ் மையர் ஓடி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை! உடுப்புக் காயப்போடலாமா? ஊரின் அமைதி என்னாவது?

அந்த நேரம் பார்த்துக் காட்டுப் பக்கத்தில் டுமீல், டுமீல்.

வனிதா இடுப்பில் கையை வைத்தாள். புதிதாகப் படித்த ஜெர்மனில் கேட்டாள்: “பாவாடை சத்தம். அது சத்தம் இல்லையோ?”

ஃபிராவ் மையர் காது கொடுத்துக் கேட்டார். உண்மையாகவே யோசித்தார். பிறகு சொன்னார்:

“அது சத்தமில்லை. அது சங்கம்.”

நமக்குத் தெரிந்த சங்கங்களில் சத்தமும் சங்கமும் ஒன்றுதானே!