பூஜைக்காகக் கொட்டிய பாட்டில்கள்

ஆயுத பூஜை என்றால் எல்லோருக்கும் பொரி, கடலை, சந்தனம் நினைவுக்கு வரும். எனக்கு ஓர் இடது கை நினைவுக்கு வருகிறது. மீன் செதில் ஒட்டிய இரண்டு கண்ணாடி வளையல், விரல் நுனிகளில் பழைய கீறல்கள். அந்தக் கையில்தான் பொரிப் பொட்டலத்தை வைத்தேன். “தப்பா நெனச்சிக்காத கண்ணு, சோத்தாங்கை எழும்ப மாட்டேங்குது” என்று கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார், பட்டினப்பாக்கத்து மீன்கார அக்கா. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான் என்பது அன்று எனக்கே தெரியாது.

மயிலாப்பூரில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் கிருமி வளர்த்துப் பார்ப்பது என் வேலை. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்ததை ஊட்டச்சாறு நிரப்பிய பாட்டிலில் இட்டு, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைப்போம். கிருமி இருந்தால் சாறு கலங்கும். அக்கா எங்கள் தெருப் பக்கம் சங்கராவும் நெத்திலியும் கொண்டு வருபவர். வண்டி தட்டித் தோள் எலும்பு உடைந்து, பிளேட் வைத்து ஒரு வருடமாகியும் அவருக்கு வலி போகவில்லை. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, சீழ் இல்லை, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. “உள்ள எதுவோ குந்திக்கினு மென்னுக்கினே கீது கண்ணு” என்பார். வீட்டில்கூட யாரும் நம்பவில்லை. கூடை தூக்கச் சோம்பல் என்றார்கள். கடைசியில் எலும்பு டாக்டர் தோளைச் சிறிதாகத் திறந்து, பிளேட்டைச் சுற்றி மூன்று இடங்களில் சதை எடுத்து எங்களுக்கு அனுப்பினார். மூன்று பாட்டில்களாக வைத்தேன்.

நான்கு நாள் மூன்றும் தெளிவாக இருந்தன. ஐந்தாம் நாள் காலை ஒன்றின் அடியில் மட்டும், கண்ணாடியில் வாய் வைத்து ஊதியது போல மெல்லிய கலங்கல். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பார்த்துப் பார்த்து அலுத்துப்போன கிருமிதான். நம் எல்லோர் தோலிலும் மயிர்க்காலின் அடியில் சாதுவாகக் குடியிருப்பது. சதை எடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று எத்தனையோ முறை அதைக் கொட்டியிருக்கிறேன். ஆனால் உள்ளே வைத்த உலோகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் அதே கிருமி சத்தமில்லாமல் எலும்பை அரிக்கும். வேலியே பயிரை மேய்கிற கதை. இரண்டு பாட்டிலில் அதுவே வந்தால் சந்தேகப்பட வேண்டும், மெதுவாக வளரும் என்பதால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் நான் படிக்காததில்லை.

ஆனால் மறுநாள் ஆயுத பூஜை, விடுமுறை. அதனால் முந்தின மாலையே படைத்துவிடுவோம். இன்குபேட்டரைக் காலி செய்து, அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் விடுமுறை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. சுத்தக்காரி என்று எனக்குப் பெயர் வேறு. கிருமிப் பாட்டிலோடு பெட்டியைச் சாமி முன் நிறுத்த மனம் வரவில்லை. “தோல் கிருமி கலந்துள்ளது, நோய்க்கிருமி இல்லை” என்று ரிப்போர்ட் எழுதினேன். கலங்காத மற்ற இரண்டையும் அதோடு சேர்த்துக் கொட்டினேன். மாலையில் அக்கா வந்து, “இன்னா கண்ணு, என் பாட்டில்ல எதுனா மொளச்சிதா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லக்கா, பயப்படாதீங்க” என்று சிரித்தபடி ரிப்போர்ட்டையும் பொரியையும் கொடுத்தேன்.

அந்த ரிப்போர்ட்டை நம்பி அவருக்குக் கைப்பயிற்சி கொடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மாதக்கணக்கில் கையைத் தூக்கியிருக்கிறார். ஒருநாள் டாக்டர் எனக்குப் போன் செய்தார். திருகாணிகள் தளர்ந்து, எலும்பு உளுத்துப் போயிருந்ததாம். மறுபடி திறந்து எடுத்த சதையை வேறொரு கூடத்தில் பதினான்கு நாள் வைத்திருக்கிறார்கள். எல்லாப் பாட்டில்களிலும் அதே கிருமி. பிளேட்டோடு தோள்மூட்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் என்னைத் திட்டவில்லை. “அந்த மத்த ரெண்டு பாட்டிலை எத்தனை நாள் வெச்சிருந்தீங்க?” என்று மட்டும் கேட்டார்.

பட்டினப்பாக்கத்துக்குப் போனேன். அக்கா அரிவாள்மனையில் உட்கார்ந்து இடக்கையால் சங்கரா அறுத்துக்கொண்டிருந்தார். வலக்கை மடியில் கிடந்தது. “அந்தப் பாட்டிலையெல்லாம் நான்தான்க்கா அஞ்சாம் நாளே கொட்டிட்டேன். பூஜைக்காக” என்றேன். அவர் கையிலிருந்த மீனை அறுத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“நாந்தான் சொல்லிக்கினே இருந்தேனே கண்ணு, உள்ள எதுவோ கீதுன்னு. நீ ஒருத்தியாச்சும் நம்பியிருக்கலாம்.”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். வீடு திரும்பும் வரை பஸ்ஸில் அழுதேன்.

இப்போது பூஜைக்கு நாங்கள் இன்குபேட்டரைக் காலி செய்வதில்லை. அது ஓடிக்கொண்டே இருக்கிறது. பொட்டு மட்டும் கதவில். இந்த வருடம் உள்ளே யாரோ ஒருவருடைய முழங்கால் பாட்டில், ஒன்பதாம் நாள், தெளிவாக இருந்தது. தெளிவான பாட்டிலைக் கண்டால்தான் இப்போதெல்லாம் எனக்குப் பயம். கதவை மூடிவிட்டு, வழக்கம்போல் பொரிப் பொட்டலத்தோடு பட்டினப்பாக்கம் போனேன். அக்கா இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். தப்பாக நினைக்காதே என்று அவர் இப்போது சொல்வதில்லை.