ஜீவராணிக்கு ஒரு நாள் மாடு

ஜீவராணி தன் பிறப்பில் ஒரு மாட்டின் மடியைத் தொட்டவளில்லை. அவள் வெட்டியதெல்லாம் றப்பர் பால். தெஹியோவிட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், விடியுமுன் கத்தியோடு மலையேறுவாள். மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து இறங்குவாள். மழை பெய்தால் வெட்டு இல்லை; வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குக் கணக்கில் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. எத்தனை சவர்க்காரம் போட்டாலும் அந்தப் புளித்த வாடை அவள் கையை விட்டுப் போகாது. புருஷன் கொழும்பில் ஒரு கடையோடு கிடப்பவன், தீபாவளிக்குத் தலைகாட்டுவான். அப்படியிருந்தும் ஒற்றை மகள் விஜயகலாவை மிருக வைத்தியம் படிக்க அனுப்பிவிட்டாள்.

லயத்து வரிசை வீடுகளில் நான் அவளுக்குப் பக்கத்துக் காம்பரா. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற புஷ்பம். விஜயகலாவும் என் மடியில் மூத்திரம் பெய்து வளர்ந்தவள்தான். அதனால் இந்தக் கதையைக் கோபப்படாமல் சொல்ல எனக்கு வராது.

மாவனல்லையில் கபூர் டொக்டர் என்று ஒரு மாட்டு டொக்டர் இருந்தார். பிள்ளை குட்டி இல்லை. தன் காலத்துக்குப் பிறகு காணியை விற்று, இதுவரை கடல் தாண்டாத ஒரு மிருக வைத்திய மாணவரை வருஷா வருஷம் வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழக விடவேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன். அந்த நல்ல மனுஷன் போன பிறகு அவர் காசைச் சுற்றி எப்படி ஈ மொய்த்தது என்பதைத்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

இந்த வருஷம் விஜயகலாவைத் தெரிவு செய்திருந்தார்கள். நெதர்லாந்தில் ஒரு பெரிய மாட்டாஸ்பத்திரி. அவளுக்கு இதுதான் கடைசி வருஷம், இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. கொழும்பில் நேர்முகம் வைத்தவர், கபூர் டொக்டரின் காசைப் பார்த்துக்கொள்கிற நிதியத்தின் செயலாளர் இந்திரகுமார். அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். இவள் நம் வழக்கப்படி, "அம்மா பால் வெட்டுறாங்க சேர்" என்றிருக்கிறாள்.

தோட்டத்துச் சனங்கள் கறப்பதைத்தான் வெட்டுவது என்கிறார்கள் போலிருக்கிறது என்று அந்தப் படித்த மனுஷன் தானாகவே முடிவுகட்டிக்கொண்டார். திருப்பி ஒரு வார்த்தை கேட்க வாய் வலித்ததா? மாடு வளர்க்கிற ஏழைத் தாய், மாட்டு டொக்டராகப் போகிற மகள் என்று ஊரெல்லாம் சொல்லி, எங்கள் தோட்டத்திலேயே ஒரு விழாவுக்கு நாள் குறித்து, பெனரும் அடித்துவிட்டார். விழாவுக்கு முதல் நாள் லயத்துக்கு வந்து பார்த்தால் மாடு எங்கே? மாட்டுச் சாணி கூட இல்லை.

"றப்பர் பாலா?" என்றார். முகம் செத்துப்போனது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு நாள்தானே, ஒரு மாட்டைப் பிடிச்சுக் கட்டுங்க. கபூர் டொக்டரின் மனைவி நேரில வாறா. அவவுக்கு முன்னால நான் பொய்யனாக ஏலாது. இல்லையெண்டால் இந்த இடத்தை வேற பிள்ளைக்குத்தான் குடுக்க வேண்டி வரும்" என்றார்.

த்தூ! தப்புச் செய்தவன் அவன், பொய் சொல்ல வேண்டியது நாங்களாம்.

"அந்தாளு கெடக்கிறான், முடியாதுன்னு சொல்லுடி" என்றேன்.

"புள்ள போகணும்க்கா" என்றாள் ஜீவராணி. அவ்வளவுதான் அவள் பேச்சு.

தோட்டத்தை நடத்துகிற துரைக்குச் சேதி போக, துரை சொல்லி, தோட்டத்துச் சங்கத் தலைவர் கீழே கிராமத்திலிருந்து ஒரு மாட்டை ஓட்டி வந்தார். அதற்கு மஞ்சள் தடவி மாலையும் போட்டார்கள். மகளிடம் யாரும் மூச்சு விடவில்லை. அவள் அடுத்த நாள் காலையில் அவிசாவளை பஸ்ஸில் வந்து இறங்கியபோது, அவள் தாய் புதுச்சேலை கட்டிக்கொண்டு யாருடையதோ ஒரு மாட்டின் பக்கத்தில் குந்தியிருந்தாள். கபூர் டொக்டரின் மனைவி பளீலா முன் கதிரையில் இருந்தார். துரையும் தலைவரும் கல்யாணமாப்பிள்ளை மாதிரி நின்றார்கள்.

"அம்மே, ஹினாவென்ன! ஹினாவென்ன!" என்று படக்காரன் சிங்களத்தில் கத்தினான். சிரிக்கச் சொல்கிறானாம். ஜீவராணி பல்லைக் காட்டினாள். காம்பைப் பிடித்து இழுத்தாள். மாடு துள்ளி உதைத்தது. பாத்திரம் உருண்டது.

"இன்னொருக்கா! பிள்ளை, நீயும் அம்மாவோட நில்" என்றார் இந்திரகுமார்.

விஜயகலா போனாள். நிற்கவில்லை, குனிந்தாள். மடியில் கையை வைத்தவள் சட்டென்று எடுத்தாள். மெதுவாக ஒரு காம்பைப் பிழிந்தாள். பால் வரவில்லை. கட்டி கட்டியாக, இரத்தம் கலந்து ஏதோ வந்தது.

"படம் எடுக்கிறத நிப்பாட்டுங்க. மடி நெருப்பாச் சுடுது. இது யாரு மாடு?"

இந்திரகுமார் அவள் காதோரம் குனிந்தார். எனக்குக் கேட்கவேண்டும் என்றே அவ்வளவு பலமாகச் சீறினாரோ என்னவோ. "உங்கட மாடு. அப்பிடிச் சொல்லு. நெதர்லாந்து போற எண்ணம் இருக்கா இல்லையா?"

ஜீவராணி மகளைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிக் கெஞ்சினாள், ஆமென்று சொல்லிவிடு என்று.

அந்தப் பிள்ளை எழுந்து நின்று நேரே பளீலாவைப் பார்த்துச் சொன்னாள். "எங்களுக்கு மாடு இல்லீங்க. எங்கம்மா றப்பர் பால் வெட்டுறாங்க. இந்த மாட்டுக்குச் சொந்தக்காரர வரச் சொல்லுங்க. இன்னைக்கே மருந்து போடாட்டி மடி அழுகிரும்."

துரை தன் சப்பாத்தைப் பார்த்தார்.

பளீலா இந்திரகுமார் பக்கம் திரும்பினார். "எங்கட அவர் மாடு ஈக்கிற வூட்டுப் புள்ளக்கித்தான் குடுக்கணும்னு எங்கயாவது செல்லி ஈக்கிறாரா? கடல் தாண்டாத புள்ளய அனுப்பச் சொன்னார், அவ்வளவுதான். நோவு புடிச்ச மாட்டுக்கு மால போட்டு வெச்சீக்கிறீங்களே, அவர் உசிரோட ஈந்திருந்தா ஒங்கட மூஞ்சில துப்பியிருப்பார்." பிறகு விஜயகலாவிடம், "நீங்க போறீங்க மகள். மொதல்ல இந்த மாட்டப் பாருங்க" என்றார்.

விஜயகலா போய்விட்டாள். மாடும் பிழைத்தது. கதை இதோடு நல்லபடி முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் நிதியத்தின் கலண்டர் வந்தது. சுவரில் மாட்டச் சொல்லித் துரையே பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்பியிருந்தார். மகள் மாட்டுப் பக்கம் வருமுன் எடுத்த படம். மாடு, மாலை, காம்பைப் பிடித்தபடி ஜீவராணி, நடுவில் இந்திரகுமார். கீழே கொட்டை எழுத்தில்: பால் கறந்து மகளை டொக்டராக்கிய தாய். வெட்கங்கெட்டவன்! கிழித்து அடுப்பில் வைக்கப் போனேன்.

பால் வாளியோடு வந்த ஜீவராணி அதை என் கையிலிருந்து வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"அந்தாளத் திட்டாதக்கா" என்றாள். "மாட்டு மூஞ்சியப் பாரு, வலில நிக்கிது. என் மூஞ்சியப் பாரு. நான் சிரிச்சிக்கிட்டு இருக்கேன்."