பரவாயில்லை என்று சொல்லாத நாள்

மேவிஸ் பீச்சிக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. லிவர்பூல் துறைமுகத்துப் பக்கம் பிறந்தவள். அங்கே பல் வலித்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார்கள். கேம்பிரிட்ஜில் பெண்கள் கல்லூரி ஒன்றில் தத்துவம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகும் அந்தத் தொண்டை மாறவில்லை. மொழிதான் அவள் பாடம். ‘என் வலி எனக்கு மட்டும்தான் தெரியும், அடுத்தவர் ஊகிக்கத்தான் முடியும்’ என்று எந்த மாணவியாவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அந்தப் பெண்ணின் பாடு திண்டாட்டம்தான்.

“அப்படின்னா வலிங்கிற வார்த்தைய ஒனக்கு யாரு குடுத்தா? நீ விழுந்து அழுதப்ப ஒங்கம்மா ஓடிவந்து ‘வலிக்குதா கண்ணு’ன்னு கேட்டாளே, ஒண்ணும் தெரியாமலா கேட்டா?”

இப்படிப்பட்டவள் கட்டிக்கொண்டது ரூபன் பீச்சியை. ஈலி என்ற ஊருக்கு வடக்கே, சதுப்பு வயல்களில் தேங்கும் தண்ணீரை ஆற்றுக்கு இறைத்துவிடும் பம்ப் நிலையத்தில் எஞ்சின் பார்ப்பவன் அவன். அந்தப் பக்கத்து ஆண்களிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: பரவாயில்லை. உருளைக்கிழங்கு அமோகமாக விளைந்தாலும் பரவாயில்லை, வெள்ளம் வந்து எல்லாம் போனாலும் பரவாயில்லை. எஞ்சினில் கட்டைவிரல் நசுங்கி வந்த அன்றும் ரூபன் அதைத்தான் சொன்னான். கல்லூரியில் மேவிஸோடு தத்துவம் சொல்லிக்கொடுக்கும் ஹாரியட் கிம்பர் சும்மா விடுவாளா?

“ஒன் கொள்கைக்கு ஒன் புருஷனே எதிர்சாட்சி, மேவிஸ். மூஞ்சியும் காட்டாது, வாயும் சொல்லாது. அந்த ஆளு உள்ள என்ன ஓடுதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“கூட இருந்து பாரு, தெரியும்” என்று மேவிஸ் வெடுக்கென்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிப்பாள். உள்ளூர அந்தக் கேள்வி அவளை உறுத்தத்தான் செய்தது.

‘பரவாயில்லை’ என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனையோ அர்த்தங்கள் இருந்தன. இழுத்துச் சொன்னால் சந்தோஷம். வெட்டிச் சொன்னால் கிட்டே வராதே. மேவிஸ் அதையெல்லாம் அந்நிய பாஷை படிப்பதுபோலப் படித்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவைதான் ரூபன் வேறு மாதிரி பதில் சொன்னான். அவன் தம்பி வாய்க்காலில் மூழ்கிச் செத்த அன்று. “ரொம்ப நல்லா இருக்கேன், நன்றி” என்றான், வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல. அப்புறம் வாரக்கணக்கில் அவன் சரியாகச் சாப்பிடவே இல்லை.

அறுபத்தெட்டாம் வருஷத்து இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை மதியம். கறித்தட்டை அவன் முன்னால் வைத்துக்கொண்டே, “எப்படி இருக்க?” என்று கேட்டாள்.

“ரொம்ப நல்லா இருக்கேன், நன்றி.”

மேவிஸ் தட்டைத் தள்ளி வைத்தாள். அவனை எழுப்பிக் கோட்டை மாட்டிவிட்டாள். “என்ன கிழவி இது, சாப்பிட விடு” என்று அவன் முனகினானே தவிர, எதிர்க்கவில்லை. எதிர்க்காததும் அவளுக்குப் பயமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். ரூபனின் வயிற்றை அங்கங்கே அழுத்திப் பார்த்தார்.

“வலிக்குதா?”

“நல்லா இருக்கேன் டாக்டர்.”

“இங்க?”

“ரொம்ப நல்லா இருக்கேன்.”

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். “லேசா சூடு இருக்கு, அவ்வளவுதான். கூட்டிட்டுப் போங்க.”

“அவன் பொய் சொல்றான்” என்றாள் மேவிஸ்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மிஸஸ் பீச்சி, அவரு வலி அவருக்குத்தானே தெரியும்? ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

வகுப்பில் வருஷக்கணக்காக அவள் நார்நாராகக் கிழித்துப்போட்ட வாக்கியம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு எதிரே நின்றது. அவள் தன் வாதங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்து வைத்தாள். ஒன்றும் எடுபடவில்லை. புருஷன்மேல் உயிரையே வைத்திருக்கும் பொம்பளை பதறுகிறாள் என்றுதான் டாக்டர் நினைத்தார். அதிலும் தப்பில்லை, அவள் பதறத்தான் செய்தாள். அவர் காதில் விழுந்த பதில்களை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் தப்பில்லை. ரூபனோ சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்திருந்தான்.

“ரூபன், சாயங்காலம் எஞ்சினை யாரு பாக்கறது?” என்றாள் மேவிஸ்.

அவன் தரையைப் பார்த்தான். “ஆல்ஃபி பாத்துக்குவான்.”

“கேட்டீங்களா? கல்யாணத்தன்னிக்குக்கூட அந்த எஞ்சின்ல வேற ஆளு கைவைக்க விடல இவன்!”

“அதுக்காக நான் வயித்தக் கிழிக்க முடியுமா?” என்றார் டாக்டர்.

“முடியாதுன்னா நான் நகர மாட்டேன். இவனை வீட்டுக்கு அனுப்பணும்னா என்னைத் தாண்டித்தான் அனுப்பணும்.” வாசல் குறுக்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் கெஞ்சிப் பார்த்தாள். வாயிற்காவலர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே போனார். கடைசியில், இந்தச் சனியன் தொலைந்தால் போதும் என்றுதான் டாக்டர் ரூபனைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார். தேநீர் வேளைக்குள் ரூபனின் முகம் சாம்பலாகிவிட்டது. அவசரமாக அறுத்துப் பார்த்தபோது குடல்வால் உள்ளேயே வெடித்திருந்தது. வீட்டுக்குப் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டரே வந்து சொன்னார், மேவிஸின் கண்ணைப் பார்க்காமல்.

மறுநாள் பிற்பகல் ரூபன் கண் திறந்தான். நன்றி சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இப்படிக் கோபப்படுவான் என்றும் எதிர்பார்க்கவில்லை.

“நான்தான் நல்லா இருக்கேன்னு சொன்னேன்ல? ஆஸ்பத்திரி முழுக்க என்னைப் பொய்யன்னு டமாரம் அடிச்சிருக்க. அது என்னோடது, மேவிஸ். யாரும் உள்ள வரக்கூடாதுன்னு சாத்தி வச்சிருந்தேன்.”

“ஒன்னோடதுதான். நான் பங்கு கேட்கல. ஆனா எனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாத. சாத்துன கதவுக்கு வெளிய நின்னுகிட்டு நீ சாகறத என்னால பாக்க முடியாது. நீ என்ன கோவிச்சுக்கிட்டாலும் சரி, நாளைக்கே திரும்ப இப்படி ஆனாலும் இதையேதான் செய்வேன்.” குரல் உடைந்தது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கத்துக் கட்டில்காரர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.  அப்புறம் ரூபன், வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததைச் சுவரைப் பார்த்தே சொன்னான்.

“ரொம்ப வலிக்குது, கிழவி.”

“தெரியும்” என்றாள் மேவிஸ்.